தொகுதி பதினான்கில் யாரும் இல்லை

அம்மையப்பன் இருபத்தோரு வருஷமாகப் பஹ்ரைனில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சாலை நடுவில் வளரும் புல், ஹோட்டல் வாசலில் வளரும் புல், யாரும் மிதிக்கக் கூடாது என்று பலகை நட்டு வளர்க்கும் புல். ஆடும் தின்னாத மாடும் தின்னாத ஒரு பயிருக்கு ஒரு மனிதர் இத்தனை காலம் உண்மையாக உழைத்திருக்கிறார் என்றால் அவருக்குச் சிலை வைக்க வேண்டும். கம்பெனி சிலை வைக்கவில்லை. ஒரு கடிதம் கொடுத்தது. அறுபது நாளில் ஒப்பந்தம் முடிகிறது, அதுவரை வேலை உண்டு, பிறகு விசா ரத்தாகும், சேவைக்கு நன்றி.

அன்றைக்குத் தொற்றிக்கொண்டது ஒரு பரபரப்பு. ஐம்பத்திரண்டு வயசு ஆள், தொழிலாளர் கேம்ப் கட்டிலில் உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் உட்காருவார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வராந்தாவில் நடப்பார். ஊருக்குப் போகலாம். போய் என்ன செய்வது? புதுக்கோட்டைப் பக்கம் அவருக்கு இருந்த மூன்று ஏக்கரை நான்கு வருஷத்துக்கு முன் ஒரு தொழிற்பேட்டைக்காக எடுத்துக்கொண்டார்கள். 'தரிசு, பயிர் இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை' என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போன அன்று, அதே நிலத்தில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் மனைவி கனகா கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த நோட்டீஸை அவளிடமே நீட்டிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். தொழிற்பேட்டை இன்னும் வரவில்லை. தரிசு மட்டும் சொன்னபடி வந்துவிட்டது.

தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற பேச்சுக்கே சுற்றுவட்டாரத்தில் மண்ணின் விலை ஆகாயத்துக்கு ஏறிவிட்டது. இனி அங்கே அம்மையப்பன் ஏக்கர் கணக்கில் வாங்குவது நடக்காது. பூந்தொட்டி கணக்கில் வாங்கலாம்.

அவர் கேங்கில் எப்ராயீம் என்று ஒரு இளைஞன். ஆப்பிரிக்காவில் தம்பேசா என்கிற நாட்டுக்காரன். இருவரும் பேசிக்கொள்வது கால்வாசி இந்தி, கால்வாசி இங்கிலீஷ், மிச்சம் கை. ஒருநாள் எப்ராயீம் போனில் ஒரு படத்தைக் காட்டினான். சிவந்த மண், அதில் ஒரு அம்மா, அவளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பச்சை. அம்மையப்பன் போனைப் பிடுங்கி, படத்தைப் பெரிதாக்கி, இலையைப் பார்த்தார்.

"டேய், இது கடலைடா!"

எப்ராயீமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இலையைத் தொட்டுக் காட்டிய அந்த விரல் புரிந்தது. அன்றிலிருந்து அவன் அவரை 'அப்பன் பாய்' என்றான். அந்த மண்ணின் நிறம் அம்மையப்பன் மனசில் ஒட்டிக்கொண்டது. கடிதம் வந்த மறுவாரம் மனாமாவின் குதைபியா கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போனவர், ஒரு கட்டடத்து மாடிச் சுவரில் பலகையைப் பார்த்தார்: தம்பேசா குடியரசு நில நல்வாய்ப்பு வசதி மையம். நிலம் வாங்குவது இனி எளிது.

கனகாவுக்குப் போன் போட்டார்.

"ஆப்பிரிக்காவா? அங்கிட்டுச் சிங்கம் கிடக்குமாம்ல?" என்றாள் கனகா.

"கெடக்கட்டும். சிங்கத்துக்கு நோட்டீஸ் குடுக்கத் தெரியாதுல்ல?"

கனகாவுக்கு அது சரியாகப் பட்டது. பிறகு, "கடலை வெளையுமான்னு கேட்டுக்கங்க" என்றாள்.

மையத்தின் வாசலில் ஒரு டோக்கன் எந்திரம் இருந்தது. அம்மையப்பனுக்கு நானூற்றுப் பதினேழு வந்தது. உள்ளே நாற்பது நாற்காலி, ஒரு ஆள் இல்லை. சுவரில் சிவப்பு எழுத்தில் நானூற்று இரண்டு எரிந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. நானூற்று மூன்று. கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று, வராத அந்த மனிதருக்காகப் புன்னகையோடு மூன்று நிமிஷம் காத்திருந்தாள். பிறகு நானூற்று நான்கு. அவருக்கும் மூன்று நிமிஷம்.

"நான் ஒருத்தன்தானம்மா இருக்கேன்" என்றார் அம்மையப்பன்.

"உங்க நம்பர் இன்னும் வரலைங்க. நம்பர் வர்ற வரைக்கும் நீங்க இங்க இல்லைன்னுதான் அர்த்தம்."

இல்லாத பதினாலு பேருக்கு வேலை முடிந்ததும், இருக்கிற ஒருவரை உள்ளே விட்டார்கள்.

மையத்தின் இயக்குநர் ரவிசங்கர் சென்னைக்காரர். கழுத்தில் டை, மேசையில் குட்டிக் கொடி, பின்னால் ஒரு தேசப்படம். படத்தில் தம்பேசாவை நூறு கட்டமாகப் பிரித்து நம்பர் போட்டிருந்தது. ஆறு, மலை, ஊர் எதுவும் கிடையாது. கட்டம் மட்டும்.

"எத்தன ஏக்கர் பாக்கறீங்க?"

"அஞ்சு ஏக்கர் போதுங்க சார்."

"அஞ்சா?" ரவிசங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொதுவா நம்ம க்ளையன்ட்ஸ் அஞ்சாயிரத்துல ஆரம்பிப்பாங்க. பரவால்ல. சின்ன மனுஷங்களுக்கும் வாய்ப்பு குடுக்கணும்னு ஒரு திட்டம் இருக்கு. அதுல இதுவரைக்கும் யாரும் வரல. நீங்கதான் முதல் பயனாளி. வாழ்த்துகள்."

"ஏக்கர் என்ன வெலைங்க சார்?"

"பன்னெண்டு தினார்."

அம்மையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலில் போட்டிருந்த சேஃப்டி ஷூவே பன்னிரண்டு தினார். ஒரு ஜோடி ஷூவுக்கு ஒரு ஏக்கர்! அஞ்சு ஏக்கருக்கு அறுபது தினார்! அவர் முகத்தைப் பார்த்த ரவிசங்கர் அன்போடு கையை உயர்த்தினார்.

"அது நிலத்தோட விலை. வாங்குறதோட விலை தனி."

பிறகு ஒரு அட்டையை எடுத்து நிதானமாகப் படித்தார். விண்ணப்பத்துக்கு நாற்பது தினார். விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று சொல்வதற்கு இருபத்தைந்து. விண்ணப்பதாரர் இன்னார்தான் என்று பார்ப்பதற்கு ஐம்பது. நிலம் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நூறு. இப்படிப் போய், கடைசியில் கட்டணங்களை முறையாகக் கட்டியதற்கான பாராட்டுச் சான்றிதழுக்கு முப்பது தினார் என்று முடிந்தது. மொத்தம் எண்ணூற்று எழுபது. திருப்பித் தரப்பட மாட்டாது.

"சார், அறுவது தினார் நெலத்துக்கு எண்ணூத்தி எழுவதா?"

"அம்மையப்பன், நிலம் யார் வேணா வாங்கலாம். அது வெறும் மண்ணு. நாங்க விக்கிறது நடைமுறை. நிலம் காஞ்சு போகும், வெள்ளத்துல போகும். நடைமுறை நிரந்தரம். நான் பதினோரு வருஷமா இங்க இருக்கேன். இதுவரைக்கும் தம்பேசாவுல கால் வெச்சதில்ல. வேணும்னேதான். வெச்சா பாரபட்சம் வந்துடும்."

வேறொரு ஆளாக இருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்பார். அம்மையப்பனுக்கு நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்து நான்கு நாள் பாக்கி. இருபத்தோரு வருஷத்து வேலைப் பணம் கைக்கு வரப்போகிறது. அது வீடு பூச, கடன் அடைக்க, யாராவது கேட்க என்று கரைவதற்குள் கால் ஊன்ற ஒரு இடம் வேண்டும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, "எங்கங்க சார் கட்டணும்?" என்றார்.

விண்ணப்பத்தைக் கீழ்த்தளத்தில் ஷம்சியாவின் டைப்பிங் சென்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். வளைகுடாவில் கையால் எழுதிய எதையும் எந்த அலுவலகமும் தொடாது. ஷம்சியா காயல்பட்டினத்துப் பெண், பதினைந்து வருஷமாக ஊரார் கதையையெல்லாம் கட்டம் கட்டமாக அடித்துத் தருகிறவள்.

"அண்ணே, நிலம் வாங்கும் நோக்கம் என்னன்னு கேக்குது."

"விவசாயம்."

ஷம்சியா திரையை மேலும் கீழும் உருட்டினாள். "முதலீடு இருக்கு. மறுமுதலீடு இருக்கு. பெருமுதலீடு இருக்கு. விவசாயம் இல்லியே."

"வேற என்ன இருக்கு?"

"இதர பொழுதுபோக்குன்னு ஒண்ணு இருக்கு."

அதையே போட்டார்கள். ஆளே மிதிக்காத புல்லை இருபத்தோரு வருஷம் வளர்த்தது அம்மையப்பனின் தொழில். கடலை போட்டுச் சாப்பிட நினைத்தது பொழுதுபோக்கு.

அடுத்து, பொழுதுபோக்காக விவசாயம் செய்கிறவர் உண்மையிலேயே விவசாயிதான் என்று சொந்த நாட்டிலிருந்து சான்று வேண்டும் என்றார்கள். கனகா கிராம நிர்வாக அதிகாரியிடம் போய்விட்டு வந்து போன் செய்தாள்.

"நெலமில்லாத ஆளுக்கு விவசாயின்னு எழுதித் தர முடியாதுங்கிறாக. வேணும்னா 'இவர் விவசாயி அல்ல'ன்னு எழுதித் தாரேங்கிறாக. அது உண்மைதானாம்."

அம்மையப்பன் வராந்தாவில் நாலு நடை நடந்தார். "அதையே வாங்கு" என்றார்.

'மேற்படி நபர் விவசாயி அல்ல' என்ற அந்தக் காகிதம் புதுக்கோட்டையில் கிளம்பி, சென்னையில் மூன்று முத்திரை வாங்கி, டெல்லியில் இரண்டு முத்திரை வாங்கி, விமானமேறி மனாமா வந்து, இங்கேயும் இரண்டு இடத்தில் முத்திரை வாங்கியது. ஒவ்வொரு முத்திரையும் அதற்கு முந்தைய முத்திரை நிஜம்தான் என்று சத்தியம் செய்தது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி எந்த முத்திரையும் வாய் திறக்கவில்லை. இதற்கே பதினெட்டு நாள் போய்விட்டது. அம்மையப்பன் அதை ரவிசங்கரிடம் நீட்டினார்.

ரவிசங்கர் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் விரல் வைத்து எண்ணினார்.

"அஞ்சு, ஆறு, ஏழு. பெர்ஃபெக்ட்."

"சார், முன்பக்கம் கொஞ்சம் பாத்துருங்களேன்…"

"முன்பக்கம் நாங்க பாக்கறதில்ல. முத்திரையெல்லாம் பின்பக்கம்தானே இருக்கு?"

அம்மையப்பன் அன்று முறைப்படி விவசாயி ஆனார். அதற்குப் பிறகு அவருக்கு இரத்தப் பரிசோதனை நடந்தது. மண்ணுக்கு அவரிடமிருந்து எந்த நோயும் தொற்றாது என்று சான்று வந்தது. தம்பேசாவை ஏன் நேசிக்கிறீர்கள் என்று ஒரு நேர்காணல் வைத்தார்கள். "கடலை வெளையுமாம்" என்றார். பதில் இருநூறு சொற்களுக்குக் குறையக் கூடாது என்பதால் ஷம்சியாதான் மீதியை அடித்துக் கொடுத்தாள். மையத்தார் அதைப் படித்துக் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். கண் கலங்கியதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. அதை இங்கே சொல்லாமல் விடுவது தர்மமில்லை.

பிறகு வந்தது நேரடி நிலப் பார்வை.

"தம்பேசா போய் வர டிக்கெட், விசா, லீவு, எவ்வளவு செலவு!" என்றார் ரவிசங்கர். "அதனால நிலத்தையே இங்க கொண்டு வந்துட்டோம்."

ஒரு அறையைத் திறந்தார். ஜன்னலை ஒட்டி, தரையில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஃபைபர் தட்டு. அதில் அரை முழ ஆழத்துக்குச் சிவப்பு மண். சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் விதிகள். ஒன்பதாவது விதியை ரவிசங்கர் நின்றுகொண்டே, கீதம் பாடுகிற குரலில் வாசித்தார்: "இந்தத் தட்டு, சட்டத்தின் பார்வையில், விண்ணப்பிக்கப்பட்ட தொகுதியே ஆகும். தட்டில் உள்ளது நிலத்தில் உள்ளதாகவும், தட்டில் இல்லாதது நிலத்தில் இல்லாததாகவும் கொள்ளப்படும்." பிறகு சேர்த்துக்கொண்டார்: "நிறம் மங்காம இருக்க ரெண்டு வேளை தண்ணி தெளிக்கிறோம். ஒவ்வொரு க்ளையன்டுக்கும் புது மண். ஷூவக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க."

அம்மையப்பன் ஏறி நின்றார். பாதம் பட்டதுமே என்னவோ போலிருந்தது. குனிந்து ஒரு பிடி எடுத்து, நசுக்கி, மோந்து பார்த்தார். பாதி இங்கே விற்கும் நல்ல மணல், கால்வாசி பொள்ளாச்சித் தென்னை நார்க் கழிவு, கொஞ்சம் சாண எரு, நிறத்துக்குச் செங்கல் பொடி. தன் கைப்பக்குவம் தனக்குத் தெரியாதா? அவர் கம்பெனி நர்சரியில் அவரே கலந்த மண். 'குதைபியா வசதி மையம், ஆறு பை, சிவப்பு' என்று போன மாசம் ஒரு டெலிவரி ஆர்டர் வந்தது. எவன்டா சிவப்பாக் கேக்குறது என்று சிரித்துக்கொண்டே கலந்தது நினைவுக்கு வந்தது.

"சார், இது நான் கலந்த மண்ணு."

ரவிசங்கர் கொஞ்சமும் சங்கடப்படவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"ரொம்ப சந்தோஷம்! நிறையப் பேரு மண்ணப் பத்தி ஒண்ணும் தெரியாமலே கையெழுத்து போடறாங்க. நீங்க உள்ளயும் புறமும் தெரிஞ்சு போடறீங்க. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு."

அம்மையப்பன் போட்டார். தட்டில் இருப்பது பொய்யாக இருக்கட்டும், அங்கே இருப்பது நிஜம்தானே, எப்ராயீமின் போனில் நானே பார்த்தேனே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். எழுநூறு தினாருக்கு மேல் கட்டியாகிவிட்டது. அவ்வளவு கட்டிய மனசு சமாதானம் சொல்ல எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

இருபது நாள் பாக்கி இருக்கும்போது கடைசிப் படிவம் வந்தது. ஒதுக்கப்பட்ட இடம், தொகுதி பதினான்கு. 'மேற்படி நிலத்தில் ஆள் இல்லை, வீடு இல்லை, நிற்கும் பயிர் இல்லை' என்று வாங்குகிறவர் உறுதி கூற வேண்டும். தம்பேசா குடிமகன் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மையப்பன் ஒரே ஓட்டமாக எப்ராயீமை டூட்டி உடையோடு கூட்டிக்கொண்டு வந்தார். இவனை விட்டால் வேறு யார்?

எப்ராயீம் பேனாவை வாங்கிக்கொண்டு, படிவத்தோடு இருந்த வரைபடத்தைப் பார்த்தான். ஒரு நீலக் கோடு வளைந்து போகும் இடத்தில் அவன் விரல் நின்றது. பேனாவை மேசையில் வைத்துவிட்டான்.

"அப்பன் பாய்," என்றான் மெதுவாக. "யே மேரா வில்லேஜ். மேரா மம்மா இதர்."

தன் ஊரும் அம்மாவும் இங்கேதான் என்றவன் உடனே போனை எடுத்து வீடியோவில் அழைத்தான். திரையில் அந்த அம்மா வந்தாள். கையில் மண்வெட்டி. பின்னால் கடலைக் காடு, அதற்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு வீடு, வாசலில் இரண்டு ஆடு. மகன் வேலை நேரத்தில் கூப்பிட்டதும் பதறிப்போய், என்ன என்ன என்று கேட்டாள். எப்ராயீம் போனை ரவிசங்கர் பக்கம் திருப்பினான்.

ரவிசங்கர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"அடடா, என்ன மண்ணு! பாத்தீங்களா அம்மையப்பன்? அந்த அம்மா கொஞ்சம் நகந்தா இன்னும் நல்லாத் தெரியும்."

"சார், அங்க ஆள் இருக்கு."

"எங்க?"

"அந்தா நிக்கிதே அந்தம்மா!"

"ஓ, அதுவா. பதிவேட்டுல இல்லீங்களே." ரவிசங்கர் ஒரு தடிமனான புத்தகத்தைத் திறந்து காட்டினார். தொகுதி பதினான்கு: ஆட்கள், கோடு. வீடுகள், கோடு. பயிர், கோடு. "நான் அந்தம்மாவக் குறை சொல்லல. இருக்காங்க, சந்தோஷம். ஆனா அங்க இல்ல."

"இந்தப் பையன் அங்க பொறந்தவன் சார்!"

"யாரும் இல்லாத இடத்துல ஒருத்தர் எப்படிப் பொறக்க முடியும்? யோசிச்சுப் பாருங்க. வேணும்னா அந்தம்மா 'இருப்புச் சான்று'க்கு மனு போடலாம். நல்ல திட்டம். ஆனா அந்தத் தொகுதியில குடியிருக்கறவங்கதான் போட முடியும். பதினாலுல யாரும் குடியில்லாததால அவங்க போட முடியாது. தட்டையே பாருங்க, அதுல ஒண்ணும் இல்லையே."

அந்த அம்மா திரையில் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். என்ன நினைத்தாளோ, குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரில் தொங்கிய காய்களை இந்தப் பக்கத்துக்குக் காட்டிச் சிரித்தாள். மகனோடு வேலை செய்கிறவர்களுக்கு விளைச்சலைக் காட்டினாள் போலிருக்கிறது.

அம்மையப்பன் எப்ராயீம் வைத்துவிட்ட பேனாவைக் கையில் எடுத்தார். அன்றைக்குக் களைக்கொத்தோடு நின்ற கனகாவிடம் காகிதத்தை நீட்டினானே ஒரு ஆள், அவனை நாலு வருஷமாக வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். இன்றைக்கு அவன் உட்கார்ந்த இடத்தில் தான் உட்கார்ந்திருக்கிறோம், பேனா தன் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் கோபம் வந்தது. படிவத்தை மூடித் தள்ளினார்.

"நான் போட மாட்டேன் சார்."

"எண்ணூத்தி எழுபது தினார் கட்டியிருக்கீங்க."

"தெரியும்."

"விலகறதுக்கு ஒரு படிவம் இருக்கு. பதினஞ்சு தினார்." ரவிசங்கரின் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. "அம்மையப்பன், நீங்க போடலன்னா அடுத்த டோக்கன் போடப் போறாங்க. இன்னும் பத்து நாள்ல ஒரு பெரிய கம்பெனி தொகுதி பதினாலு மொத்தத்தையும் பாக்க வர்றாங்க. அவங்க நேரடிப் பார்வையில, தட்டுல ஒண்ணும் இல்லன்னு கையெழுத்து போட்டாங்கன்னா முடிஞ்சுது. அவங்க யாரும் வீடியோவெல்லாம் காட்ட மாட்டாங்க."

அம்மையப்பன் பதினைந்து தினாரையும் கட்டிவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் எப்ராயீம் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டான். ஷம்சியா கடையிலிருந்து இரண்டு டீ கொண்டுவந்து கொடுத்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நான்தான அண்ணே எல்லாத்தையும் அடிச்சுக் குடுத்தேன்" என்று முணுமுணுத்தாள்.

கனகாவிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னார். பணம் போன கதை முழுவதையும் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டீகளா?"

"போடல."

"அப்பச் சரி. வாங்க, பாத்துக்குவம்."

மறுநாள் காலை நர்சரிக்கு டெலிவரி ஆர்டர் வந்தது. குதைபியா வசதி மையம், ஆறு பை, சிவப்பு. தட்டில் நிரப்பியும் தர வேண்டும். அம்மையப்பன் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது சிரித்தார். கடிதம் வந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அன்று போல அவர் என்றும் மண் கலந்ததில்லை. நார்க் கழிவைக் குறைத்தார். எருவைக் கூட்டினார். கட்டியை எல்லாம் கையாலேயே உடைத்தார். வழியில் வண்டியை நிறுத்தி, கடையில் வறுக்காத சிவப்புக் கடலை அரைக் கிலோ வாங்கி, தோல் கிழியாத, பருத்த பருப்பாகப் பொறுக்கிக்கொண்டார். மையத்தில் எப்ராயீம் பழைய மண்ணை அள்ள, அவர் புது மண்ணைக் கொட்டினார். காவலுக்கு நின்ற ஆள் டீ குடிக்கப் போன கால் மணி நேரத்தில் இருவரும் தட்டுக்கு இரண்டு பக்கம் மண்டியிட்டு, சாணுக்கு ஒரு விதையாக, இரண்டு விரல்கடை ஆழத்தில் ஊன்றி முடித்தார்கள். எப்ராயீம் போட்ட வரிசை ஒரு நூல் கோணவில்லை. அம்மாவிடம் பழகிய கை.

மண்ணைத் தட்டி மேலே சமன் செய்துவிட்டு, டெலிவரி தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்கள். பெற்றுக்கொண்டவர், மையத்தின் காவலாளி. பொருள், மண். நிலைமை, நன்று.

பத்தாம் நாள் அம்மையப்பன் கேம்ப்பில் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மையப்பன்!" ரவிசங்கரின் குரல் டையை அவிழ்த்துவிட்டுப் பேசுகிற குரலாக இருந்தது. "கம்பெனிக்காரங்க வந்து கதவத் திறந்தா, தட்டு பூரா பச்சையா இருக்கு! தண்ணி தெளிக்கிற ஆளக் கேட்டா, தெளிக்கத்தான சொன்னீங்கங்கறான்! என்ன இது?"

"கடலைங்க சார். பத்து நாள்ல நல்லா எந்திரிச்சிரும். எத்தன எல விட்டிருக்கு?"

"எலைய எண்ணவா கூப்பிட்டேன்? ஒன்பதாவது விதிப்படி இப்ப தொகுதி பதினாலு பூரா நிற்கும் பயிர்னு பதிவேட்டுல ஏத்தியாச்சு! ஆடிட்டர் கூடவே இருந்தாரு, வேற வழியில்ல. கம்பெனிக்காரங்க கிளம்பிப் போயிட்டாங்க. பயிர் இருக்கற நிலத்த விக்கவே முடியாது."

"பிடுங்கிப் போட்டுற வேண்டியதுதானே சார்."

"எப்படிப் பிடுங்கறது? பயிர் சொந்தக்காரரோட சம்மதக் கடிதம் வேணும். ஏழு முத்திரையோட." ரவிசங்கர் மூச்சு வாங்கினார். "காய விடவும் முடியாது. மையத்தோட பொறுப்புல பயிர் சேதமானா நஷ்டஈடு குடுக்கணும். காலைலேருந்து ஏ.சி.ய நிறுத்திட்டு ஜன்னலத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கோம். கடைசியா மண்ணத் தொட்டது நீங்க. உண்மையச் சொல்லுங்க, அது யாரோட பயிர்?"

அம்மையப்பன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். எதிர்க் கட்டிலில் எப்ராயீம் போனில் அம்மாவோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"பதிவேட்டப் பாருங்க சார்" என்றார் அம்மையப்பன். "அங்கதான் யாருமே இல்லையே."

மறுமுனையில் புத்தகத்தைப் புரட்டுகிறாரோ என்னவோ, தாள் சரசரத்தது. தண்ணீர் கொட்டுகிற ஓசையும் கேட்டது. அம்மையப்பனால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அவ்வளவு தண்ணி ஊத்தாதீங்க சார், வேரு அழுகிடும். ஒருநா விட்டு ஒருநா தெளிச்சாப் போதும். இன்னும் ஒரு மாசத்துல மஞ்சளாப் பூ எடுக்கும். பூ எடுத்ததும் செடியடியில மண்ணு அணைக்கணும், மறந்துறாதீங்க. அதுக்கு ஆள் வேணும்னா எப்ராயீம் இங்கதான் இருக்கான், கூப்பிடுங்க. டோக்கன் மட்டும் போட வைக்காதீங்க."